வாசலுக்குத் திரும்பிய கல்

கொல்லன் தேஸ்ஸெமாவின் மனைவி மென்பெரே ஒரு பெண் குழந்தையைப் பெற்ற பதின்மூன்றாம் நாள் காலை, சோரா அம்பா என்ற எத்தியோப்பிய மலையூரில் கதவைத் திறந்த எல்லாரும் தங்கள் வாசலில் சிவப்புக் கல் சில்லுகள் கிடப்பதைப் பார்த்தார்கள். சிலர் வாசலில் கையளவு, சிலர் வாசலில் கூடையளவு. பார்த்தவர்கள் அவற்றைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு வயலுக்குப் போனார்கள், ஏனென்றால் அது மழைக்கு முந்தைய உழவு மாதம், வாசலில் கல் கிடந்தாலும் பொன் கிடந்தாலும் பார்லி விதைத்தாக வேண்டும். மறுநாளும் கல் கிடந்தது, அதற்கு மறுநாளும் கிடந்தது, ஒரு வாரத்தில் ஊர் கல்லைத் தாண்டி நடக்கப் பழகிவிட்டது, கோழிகள் அதன்மேல் ஏறி நின்று கொக்கரிக்கப் பழகிவிட்டன.

அந்தச் சிவப்பு அந்த மலையில் ஒரே ஓர் இடத்தில்தான் உண்டு. ஊருக்கு மேற்கே புல்வெளி, ஆடு மேயும் இடம், அதில் நடந்துபோகும் அந்நியன் ஒருவன் பத்தடி தூரம் வரும்வரை எதையும் பார்க்க மாட்டான். பிறகு சட்டென்று காலடியில் பூமி பிளந்து, ஏழு ஆள் ஆழப் பள்ளத்தின் நடுவே, கூரை புல்லின் மட்டத்துக்கு நிற்க, தூணும் வளைவும் பன்னிரண்டு ஜன்னலுமாக ஒரு தேவாலயம் தெரியும். பேத்த ஊராயேல், அதாவது ஊராயேல் என்ற தேவதூதரின் வீடு. யாரும் அதைக் கட்டவில்லை. ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டி, சுற்றியிருந்த கல்லை எடுத்து, உள்ளிருந்த கல்லையும் எடுத்து, மிச்சம் விட்டதுதான் தேவாலயம். கட்டடத்தில் தவறினால் கல்லை மாற்றலாம், இதில் கூரையில் கை தவறினால் அடியில் சுவரே இல்லாமல் போகும், எண்ணூறு வருஷத்துக்கு முன் அங்கே வேலை செய்தவர்கள் எங்கும் தவறவில்லை.

கல் தேவாலயத்துடையது என்றதும் ஊர் ஓடிப்போய்ப் பார்த்தது. சுவரிலோ தூணிலோ ஒரு சில்லும் குறையவில்லை. அன்றே வெட்டியெடுத்த பழைய கல்லாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அதற்குக் காரணம் ஊர் சொல்லிவந்த கதை.

அந்தப் பீடபூமியில் பாறையில் குடைந்த தேவாலயங்கள் பல உண்டு, அவை எல்லாவற்றுக்கும் சொல்லப்படும் கதை இது: பிறந்தபோது தேனீக்கள் வந்து மூடிய அரசன் ஒருவனைத் தேவதூதர்கள் வானத்துக்கு எடுத்துப்போய்க் கல்லாலான ஒரு நகரத்தைக் காட்டினார்கள், அவன் இறங்கி வந்து அதைப்போல ஒன்றைப் பூமியில் செய்யச் சொன்னான், பகலில் மனிதர்கள் வெட்டினார்கள், மனிதர்கள் கருவியைக் கீழே வைத்ததும் தூதர்கள் அதை எடுத்து அவர்கள் வெட்டியதைப்போல இரு மடங்கு வெட்டினார்கள். சோரா அம்பாவில் இந்தக் கதை தலைமுறைக்குத் தலைமுறை சாய்ந்துகொண்டே வந்தது. முதலில் மனிதர்களின் பங்கு பாதியானது, பிறகு கால்வாசியானது, கடைசியில் ஊர் முன்னோர்கள் செய்தது தூதர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தது மட்டும் என்றும், பலாம்பராஸ் வொண்டிமின் மூதாதை ஒருவர் மட்டும் பள்ளத்தின் விளிம்பில் குடைபிடித்து நின்று தூதர்களுக்கு வழி சொன்னார் என்றும் ஆகிவிட்டது. வெட்டிய கல்லெல்லாம் எங்கே போனது என்று கேட்கும் பிள்ளைகளிடம், தூதர்கள் சிறகில் வாரிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்வார்கள். பலாம்பராஸ் என்பது அரசர் காலத்துப் பட்டம். அந்தப் பட்டமும், தேவாலயத்துக்கு இறங்கும் சுரங்கப் பாதையின் மரக்கதவுச் சாவியும் வொண்டிமின் வீட்டில் வழிவழியாக இருந்தன.

அவர் வீட்டு வாசலில் மட்டும் ஒரு கல்கூட விழவில்லை.

ஊரின் குரு அபா ஹாப்தே பத்து நாள் யோசித்து, ஞாயிற்றுக்கிழமை விளக்கம் சொன்னார். செய்த பாவத்துக்காகத் தலையில் கல் சுமந்து ஆலயத்துக்கு வருவது அந்தப் பக்கத்து யாத்திரிகர்களின் வழக்கம், ஆகையால் தானாக வரும் கல் தானாக வரும் தண்டனை, ஊராயேல் ஒவ்வொரு வீட்டின் பாவத்தையும் எடை போட்டு அனுப்புகிறார், ஒவ்வொருவரும் தம் கல்லை வெள்ளிக்கிழமைதோறும் சுமந்து பள்ளத்தை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். தன் வாசலில் கிடந்த நடுத்தரக் குவியலைப் பற்றி அவர் பேசவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. பலாம்பராஸ் தன் வீட்டு வாசலை அன்றிலிருந்து தினமும் இரண்டுமுறை பெருக்கச் சொன்னார், பெருக்குவதற்கு அங்கே எதுவும் இல்லாவிட்டாலும்.

பார்லி பீர் காய்ச்சி விற்கும் ஸெனெபெச், வாய்த்துடுக்குக்குப் பேர்போனவள், "என் பாவம் ஒரு கழுதைச் சுமைதான், என் வீட்டுக்காரரோடது ரெண்டு, அந்த ரெண்டுல ஒன்னு எப்ப நடந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றாள். அவளைப்போலச் சிரிக்க முடியாதவர்கள் தங்கள் குவியலைச் சாக்கில் அள்ளி, யாரும் பார்க்காத நேரம் கிழக்குச் சரிவில் கொட்டிவிட்டு வந்தார்கள். கொட்டியது திரும்பி வரவில்லை, ஆனால் விடிந்தால் புதிது வந்தது.

ஊரில் மிகப் பெரிய குவியல் ஓடைக்கு அப்பால், கொல்லர் குடும்பங்கள் இருந்த இடத்தில், தேஸ்ஸெமாவின் வாசலில் விழுந்தது. கூடைக் கணக்கு வண்டிக் கணக்காகி, குவியல் கூரையைத் தொட்டு, வெள்ளாடு அதன் வழியாகக் கூரைமேல் ஏறி வைக்கோலைத் தின்றது. ஊர் வியப்படையவில்லை. ஊரின் ஏர்க்கொழுவும் அரிவாளும் தேஸ்ஸெமா அடித்தவை, ஊரின் பானைகள் மென்பெரே வனைந்தவை, ஆனால் அவர்களோடு ஒரே தட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள்; கொல்லன் கண் பட்டால் பிள்ளை வாடும் என்றும், இருட்டியபின் அவர்கள் கழுதைப்புலியாக அலைகிறார்கள் என்றும் சொல்வார்கள். அவர்கள் கல்யாணத்தையும் ஞானஸ்நானத்தையும் குரு சுரங்கக் கதவுக்கு வெளியே நின்று நடத்துவார். கொல்லர்களில் ஒருவரும் அந்தத் தேவாலயத்தின் தரையை மிதித்ததில்லை.

பெண் குழந்தைக்கு எண்பதாம் நாள் ஞானஸ்நானம். முப்பத்தெட்டாம் நாள் ஸெனெபெச் பீர்ப்பானை வாங்க ஓடையைத் தாண்டி வந்தாள்.

"ஊர்ல ஒன்னு பேசிக்கறாங்க. சொல்லட்டுமா?"

"சொல்லாம போக மாட்டே" என்றாள் மென்பெரே. அவள் வாசலில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க குவியல் கரையற வரைக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாதாம். கதவுக்கு வெளியிலகூட. இவ்வளவு பாவத்தை வெச்சுக்கிட்டு எப்படின்னு கேக்கறாங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சுமந்தா ஒன்பது வருஷம் ஆகும்னு கணக்குப் போட்டிருக்காங்க."

"அபா சொன்னாரா?"

"பலாம்பராஸ் சொன்னார். அபா தலையாட்டினார்."

மென்பெரேவின் முதல் இரண்டு பிள்ளைகளும் ஒரு வயது தாண்டவில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையை எங்கே புதைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும், அந்த இடத்துக்கு வேலிகூடக் கிடையாது. அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, பக்கத்திலிருந்த ஒரு சில்லை எடுத்து ஸெனெபெச்சின் மடியில் போட்டாள்.

"இதுல என்ன தெரியுது, பாரு."

"கல்லு."

"கல்லுமேல?"

"கோடு கோடா இருக்கு."

"ரெண்டு விரல் அகலம். வலது ஓரத்துல சின்னதா ஒரு பல். இந்த உளியை இன்னிக்கும் எங்க வீட்டுக்காரர் அடிக்கறார், வேற யாரும் இப்படி ஓரம் வெக்கறதில்லை. இருபத்தஞ்சு நாளா வாசல்ல உக்காந்து இதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். எல்லாத்துலயும் இருக்கு. பாவத்துக்கு உளித்தடம் இருக்குமா, ஸெனெபெச்?"

ஸெனெபெச் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பானையை விலை பேச மறந்துவிட்டுப் போனாள்.

நாற்பத்துநான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து சனங்கள் பள்ளத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, மென்பெரே மேலே புல்வெளியில், பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றாள். பிள்ளை பெற்றவள் எண்பது நாள் ஆலயத்துக்குள் வரக்கூடாது, கொல்லன் வீட்டுக்காரி எப்போதும் வரக்கூடாது, ஆனால் விளிம்பு ஆடு மேயும் இடம், அங்கே நிற்க யாருக்கும் தடையில்லை. பாறையை மேலிருந்து வெட்டியதால் முதலில் வெட்டப்பட்ட கல் அந்த விளிம்பிலிருந்துதான் வந்திருக்க வேண்டும், முதலில் வந்த கல்தான் தன் குவியலின் அடியில் இருக்கிறது, அவள் அடியிலிருந்துதான் எடுத்து வந்திருந்தாள். மழைச் சேற்றில் குப்புறப் படுத்து, கையை நீட்டி, ரொட்டியளவு பெரிய அந்தச் சில்லைப் பாறையின் விளிம்பில் வைத்து நகர்த்திக்கொண்டே வந்தாள். கீழே நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள்.

"அங்கே என்னம்மா தேடறே?" என்றார் அபா ஹாப்தே, அண்ணாந்து.

"இதோட எடத்தை, அபா."

விளிம்புப் பாறையில் ஓரிடத்தில் ஒரு வெள்ளைக் கீற்று ஓடுகிறது, பாலை ஊற்றியதுபோல. அது விளிம்பில் அறுபட்டு நிற்பதை ஊரார் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறார்கள். மென்பெரேவின் கையிலிருந்த கல் அந்த இடத்தில் உட்கார்ந்தது. கீற்று பாறையிலிருந்து கல்லுக்குள் ஓடி, கல்லின் மறுபக்கம் வந்தது. அவள் கையை எடுத்தாள். கல் விழவில்லை.

அபா ஹாப்தே வெகுநேரம் அண்ணாந்தபடி நின்றார். அவர் படித்தவர், பிடிவாதக்காரர், ஆனால் கண்ணால் கண்டதை மறுக்கிறவர் அல்ல. பிறகு தலையைத் தாழ்த்தி, கழுத்தைத் தேய்த்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "நான் தப்பாச் சொல்லிட்டேன். இது யார் வீடு எவ்வளவு வெட்டுச்சுங்கற கூலி ஏடு" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. அன்று மத்தியானமே கிழக்குச் சரிவில் கூட்டம். தங்கள் பாவத்தைத் திருட்டுத்தனமாகக் கொட்டியவர்கள் எல்லாரும் தங்கள் முன்னோரின் உழைப்பைத் தேடிக் கயிறு கட்டி இறங்கினார்கள், யாருடைய கல் எது என்று தெரியாமல் அடித்துக்கொண்டார்கள், பத்து வருஷமாக முகம் பார்க்காத இரண்டு பங்காளிகள் ஒரே சாக்கைப் பிடித்து இழுத்து, இரண்டு வீட்டுக்கும் ஒரே கொள்ளுத்தாத்தாதான் என்பது நினைவுக்கு வந்து, பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். போன வாரம் சின்னக் குவியலைக் காட்டிப் பெருமைப்பட்டவர்கள் இந்த வாரம் அதைப் பரப்பிப் பெரிதாகக் காட்டினார்கள். பெண் பார்க்கப் போனவர்கள் முதலில் வாசலைப் பார்த்தார்கள். ஸெனெபெச் தன் புருஷன் வீட்டு இரண்டு கழுதைச் சுமைக்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்கிறார்கள், அவள் அதை மறுக்கிறாள்.

கல் தொடர்ந்து வந்தது. கூரைக் கல் முடிந்து ஜன்னல் கல், ஜன்னல் கல் முடிந்து தூண்களைச் சுற்றியிருந்த கல், பிறகு தரைக் கல், ஐம்பத்தெட்டாம் நாள் வெறும் தூள், அதோடு நின்றது. பள்ளி ஆசிரியர் ஒருவர் கயிறும் கோலுமாக வந்து, பள்ளத்தையும் ஆலயத்தின் உட்புறத்தையும் அளந்து, ஊரின் எல்லாக் குவியல்களையும் அளந்து, மூன்று நாள் கணக்குப் போட்டார். குவியல்கள் அனைத்தும் சேர்ந்து, எடுக்கப்பட்ட பாறையில் மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் இரண்டு பங்கு யார் வாசலுக்கும் வரவில்லை. அதைக் கேட்டு ஊர் ஆசிரியருக்குப் பீர் வாங்கிக் கொடுத்தது. தூதர்களுக்கும் குறைவில்லை, தங்களுக்கும் குறைவில்லை. தண்ணீர் மொண்டு கொடுத்தவர்களின் பிள்ளைகள் என்று தலைகுனிந்து வளர்ந்த ஊர், அந்த வாரத்திலிருந்து சந்தைக்குப் போகிற ஊர்களிலெல்லாம் மூன்றில் ஒரு பங்கு என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு நடந்தது. அந்த ஒரு பங்கில் சரிபாதிக்கு மேல் ஓடைக்கு அப்பால் கிடக்கிறது என்பதையும் ஆசிரியர் சொன்னார். அதை ஊர் கொஞ்சம் மெதுவாகச் சொன்னது.

ஆனாலும் ஞானஸ்நானம் எங்கே என்று யாரும் சொல்லவில்லை. சாவி பலாம்பராஸிடம் இருந்தது, அபா ஹாப்தே கொல்லர் கதவைத் தாண்டலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. எழுபதாம் நாள் பலாம்பராஸ் வொண்டிம் கோவேறு கழுதையில் ஓடையைத் தாண்டி வந்தார். அறுபத்தைந்து வயது, நிமிர்ந்த முதுகு, வெளுத்த வெள்ளைப் போர்வை. அவருடைய வீட்டார் அந்தப் பக்கம் வந்தது அதுவே முதல்முறை. மென்பெரே உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தாள். அவர் கோப்பையைப் பார்த்தார், குடிக்கவில்லை.

"கதவைத் திறந்து விடறேன். குழந்தை உள்ளேயே ஞானஸ்நானம் வாங்கட்டும்" என்றார்.

"சந்தோஷம்."

"என் மனைவி ஞானத்தாயா இருப்பா. அப்ப நம்ம ரெண்டு வீடும் உறவாயிடும். உங்க வாசல்ல இருக்கறதுல எங்களுக்கும் ஒரு பங்கு சொல்லிக்கலாம்."

பட்டறையில் சுத்தியல் நின்றது. தேஸ்ஸெமா கேட்டுக்கொண்டிருந்தான்.

"காபி ஆறுது, பலாம்பராஸ்" என்றாள் மென்பெரே.

"பதில் சொல்லு."

"எங்க வீட்டுக் காபியைக் குடிக்காத வீட்டோட எப்படி உறவு வெச்சுக்கறது? ஞானத்தாயை நான் ஏற்கெனவே கேட்டாச்சு. ஸெனெபெச் வரேன்னிட்டா."

"பீர் விக்கறவளா?"

"அவ வாசல்ல மூணு கழுதைச் சுமை இருக்கு."

பலாம்பராஸ் எழுந்தார். "அப்ப கதவு பூட்டியிருக்கும்."

"அந்தப் பூட்டும் இந்தப் பட்டறையில அடிச்சதுதான். வருஷா வருஷம் எண்ணெய் போட்டுக் கழட்டி மாட்டறது இவர்தான். இவர் நெனச்சா ஒரு கம்பியில திறப்பார். திறக்க மாட்டார். எம் பொண்ணு திருட்டுத்தனமா உள்ளே போகக்கூடாது." அவள் குரல் உயரவில்லை. "எண்பதாம் நாள் காலையில கதவுக்கு முன்னால வந்து நிப்போம். திறந்தா உள்ளே. திறக்கலைன்னா, யார் திறக்கலைன்னு ஊர் பார்க்கட்டும்."

அவர் போய்விட்டார். ஒன்பது நாள் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அவருடைய வாசல் சுத்தமாக இருந்தது. அதைத் தாண்டிப் போனவர்கள், பழைய பழக்கத்தில் தலை வணங்கினாலும், அந்த வெறுந்தரையை ஒருமுறை பார்க்காமல் போகவில்லை. அவர் சின்ன மனிதர் அல்ல. பஞ்ச வருஷத்தில் தன் தானியக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டவர், ஊருக்காக நீதிமன்றம் ஏறி இறங்கியவர். எண்ணூறு வருஷமாகத் தன் வீட்டார் குடை மட்டும் பிடித்திருந்தார்கள் என்பதுதான் அவருக்குச் செரிக்கவில்லை.

எழுபத்தொன்பதாம் நாள், கொட்டும் மழையில், நடந்தே வந்தார்.

"ஒரு உளி வேணும்" என்றார் தேஸ்ஸெமாவிடம்.

"எதுக்குன்னு கேளுங்க" என்றாள் உள்ளிருந்து மென்பெரே.

"பள்ளத்துல வடக்குப் பக்கம் வாய்க்கால் ஒரு மூலையில வெட்டாம நிக்குது. வருஷா வருஷம் மழைத்தண்ணி முழங்கால் அளவு தேங்குது. அதை வெட்டப் போறேன்."

"எண்ணூறு வருஷமா நிக்குது. இன்னிக்கு என்ன அவசரம்?"

"நாளைக்குக் கதவைத் திறக்கணும்" என்றார் அவர். "வெறுங்கையோட திறக்க முடியலை."

தேஸ்ஸெமா இரண்டு விரல் அகல உளி ஒன்றை எடுத்து, ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, கொடுத்தான். பிடிக்கும் விதத்தை அவன் காட்டினான், அவர் காட்டச் சொல்லிக் கேட்டார். மென்பெரே காபி கொண்டுவந்தாள். அவர் மூன்று கோப்பையும் குடித்தார், அந்த ஊரில் அதுதான் முழு விருந்து.

அன்று பகல் முழுக்க, முழங்கால் தண்ணீரில் நின்று, பலாம்பராஸ் வொண்டிம் பாறையை வெட்டினார். பார்க்க வந்தவர்களை அவர் போகச் சொல்லவில்லை. கையில் தோல் உரிந்தது. பொழுது சாய்வதற்குள் ஒரு சாண் வெட்டியிருந்தார், தண்ணீர் அந்த ஒரு சாணில் திரும்பி, மெல்ல, ஓடத் தொடங்கியது. சில்லுகளைத் தண்ணீர் கொண்டுபோயிற்று.

எண்பதாம் நாள் காலை அவர் தன் வீட்டுக் கதவைத் திறந்தபோது, வாசலில் இரண்டு பிடி சிவப்புச் சில்லு கிடந்தது. அவர் வேலைக்காரர்களைக் கூப்பிடவில்லை. குனிந்து தானே அள்ளி, வெள்ளைப் போர்வையின் முனையில் முடிந்துகொண்டு, சுரங்கக் கதவுக்கு நடந்தார். வழியில் சந்தித்த ஒவ்வொருவரிடமும் முடிச்சை அவிழ்த்துக் காட்டினார், ஸெனெபெச்சிடம் இரண்டுமுறை காட்டினார். "நல்ல கல்லு, பலாம்பராஸ்" என்றாள் அவள், சிரிக்காமல், அது அவளுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

கதவு திறந்தது. கொல்லர் குடும்பங்கள் பதினொன்றும் வந்திருந்தன, பதினொன்றும் சுரங்கத்தில் இறங்கின, அவர்களுக்குப் பின்னால் ஊர் இறங்கியது. கீழே வந்ததும் தேஸ்ஸெமா சுவரில் கையை வைத்தான், இரண்டு விரல் அகலக் கோடுகள் மேலிருந்து கீழ்வரை மழை பெய்ததுபோல இறங்கியிருந்தன. மென்பெரே அண்ணாந்து பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள், அவள் தளும்பாமல் நிறைபானையைத் தூக்கிப் போகிறவள்போல, குழந்தையை மார்போடு பிடித்து, நேராக நடந்தாள்.

ஞானஸ்நானத்துக்கு முன் குரு மூன்றுமுறை கேட்பது வழக்கம்: இது யார் வீட்டுப் பிள்ளை? தகப்பன் பேரைச் சொல்வார்கள், வீடு இருக்கும் இடத்தைச் சொல்வார்கள். அபா ஹாப்தே கேட்டார். ஞானத்தாய் ஸெனெபெச் பதில் சொல்ல வாயெடுத்தாள், பிறகு, அவளைத் தெரிந்தவர்கள் யாரும் எதிர்பார்க்காதபடி, வாயை மூடிக்கொண்டு மென்பெரேவைப் பார்த்தாள்.

"இந்த ஜன்னலை வெட்டின வீட்டுப் பிள்ளை" என்றாள் மென்பெரே.

அபா ஹாப்தே அதைப் பழைய வழிபாட்டு மொழியில் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த மொழியில் அப்படி ஒரு வாக்கியத்தை அதுவரை யாரும் சொல்லியதில்லை, ஆகையால் சொற்களைத் தேட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, ஊர் காத்திருந்தது. தேடி, சேர்த்து, பன்னிரண்டு ஜன்னலுக்கும் கேட்கும்படி சொன்னார். மூன்றுமுறை சொன்னார். பிறகு தண்ணீரை ஊற்றினார்.

குழந்தை அழவே இல்லை, சிரித்தது என்று இப்போது சோரா அம்பாவில் சொல்கிறார்கள். அழுதது. தண்ணீர் அவ்வளவு குளிர்.